நாயின் காதையும் பாருங்கள்

உண்ணியைப் பார்க்காத நாள் என்று ஒன்று கால்நடை மருத்துவருக்குக் கிடையாது. சினை ஊசி போட வரும் ஜெர்சி மாட்டின் மடியில் இருக்கும். குடற்புழு மருந்துக்கு ஓட்டி வரும் வெள்ளாட்டின் காதுக்குள் இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கயிறு கட்டி இழுத்து வரும் நாட்டு நாயின் விரலிடுக்கில் இருக்கும். கொண்டு வருகிறவர்கள் அதை ஒரு குறையாகவே சொல்ல மாட்டார்கள். நாமாக எடுத்துச் சொன்னாலும், "நாய்னு இருந்தா உண்ணி இருக்காதா டாக்டரம்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜவ்வாது மலையடிவார ஊர்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: இருக்கக் கூடாது. நாயின் நலனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டுக் குழந்தையின் உயிருக்காகவும் சொல்கிறேன்.

கல்லூரியில் உண்ணியை நாங்கள் படித்தது மாட்டுக் கணக்கில்தான். தைலீரியாசிஸ், பேபிசியாசிஸ் என்று கலப்பின மாடுகளைச் சாய்க்கும் நோய்கள், குறையும் பால், கெடும் தோல் என்று பாடம் போகும். உண்ணி மனிதருக்குத் தரும் புள்ளிக் காய்ச்சல் பரீட்சைக்கு ஒரு சிறு கேள்வி, அவ்வளவே. அந்தக் காய்ச்சல் நம் ஊர்த் திண்ணையிலும் உண்டு என்பதை வேலைக்கு வந்து வீடு வீடாகப் போனபோதுதான் கண்டுகொண்டேன்.

எல்லா உண்ணியும் ஒரே மாதிரி பிழைப்பதில்லை. மாட்டின் மடியிலும் கழுத்துத் தொங்கலிலும் அப்பிக் கிடக்கும் மாட்டுண்ணி, குஞ்சாக எந்த மாட்டில் ஏறியதோ அதே மாட்டிலேயே தோலுரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, முட்டையிடும் நேரத்தில்தான் கீழே விழும். அதன் வாழ்நாளுக்கு ஒரு மாடு போதும். அதனால் அது மனிதர் மேல் ஏறுவது அரிது. பழுப்பு நாயுண்ணி அப்படியில்லை. முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குஞ்சு ஒரு நாயின் ரத்தத்தைக் குடித்துவிட்டு இறங்கிவிடும். சுவரிடுக்கில் கிடந்து தோலுரித்து, எட்டுக் காலோடு மறுபடி நாயைத் தேடும். குடித்துவிட்டு மறுபடி இறங்கும். இன்னொரு முறை தோலுரித்து, முழு உண்ணியாக மூன்றாவது தடவை ஏறும். இப்படி ஏறி இறங்கும் இடைவெளியெல்லாம் அது நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நாயைத் தேடிப் போகிற வழியில் பாயில் படுத்திருக்கும் குழந்தை தட்டுப்பட்டால் அங்கேயே கடித்துக்கொள்ளும்.

நாயின் காது மடலை மெதுவாகத் திருப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பின் உள்ளே தட்டையாக, செம்பழுப்பாக ஒட்டியிருப்பவை ஆண் உண்ணிகளும் இன்னும் ரத்தம் குடிக்காத பெண் உண்ணிகளும். அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல உருண்டு திரண்டு நிற்பது, வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி. அதுதான் அடுத்து உதிரும். உதிர்ந்ததும் மேல்நோக்கி ஏறும் பழக்கம் அதற்கு உண்டு. மண்சுவரின் வெடிப்பு, கதவு நிலையின் சந்து, கட்டிலின் கயிற்று முடிச்சு, சுருட்டி வைத்த பாய் என்று கிடைத்த இடத்தில் ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப் போகும். தாய் உண்ணிக்குள் புள்ளிக் காய்ச்சல் கிருமி இருந்தால் அது முட்டைக்கும் போய்விடுகிறது. ஆகவே இதுவரை யாரையுமே கடிக்காத குஞ்சு உண்ணிகூட, பிறக்கும்போதே நோயைச் சுமந்து வரலாம்.

இந்தக் கிருமிகளுக்கு ரிக்கெட்சியா என்று பெயர். ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் நினைவாக வைத்தது. மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த புள்ளிக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906இல் கினிப் பன்றிகளை வைத்து நிறுவியவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து மெக்சிகோ நகரில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போனவர், அதே காய்ச்சலில் இறந்தார். அவர் இறந்த 1910இல்தான் துனிஸ் நகரில் அல்ஃபிரட் கொனோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் மத்தியதரைக் கடல் பகுதியின் புள்ளிக் காய்ச்சலை விவரித்து எழுதினார். அதன் கிருமிக்கு ரிக்கெட்சியா கொனோரி என்று அவர் பெயர் வந்தது. அதன் இந்திய உறவுதான் நம் ஊர்க் கிருமி, ரிக்கெட்சியா கொனோரி இண்டிகா. இந்தியாவில் உண்ணிக் கடியால் டைபஸ் போன்ற காய்ச்சல் வரக்கூடும் என்று முதலில் சந்தேகித்து எழுதியவர்களில் ஒருவர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த மெகா என்ற மருத்துவர். குமாவுன் மலையில் உண்ணி கடித்துக் காய்ச்சலில் கிடந்தவர் அவரேதான். அது நூறு ஆண்டுக்கு முந்தைய செய்தி. இந்த நோய் நமக்குப் புதிதல்ல.

நம் வேலூரிலும் இதற்கு உறுதியான சான்று இருக்கிறது. காய்ச்சலும் தடிப்புமாக வந்த நோயாளிகளின் தோலிலிருந்து துளி எடுத்து, அதில் புள்ளிக் காய்ச்சல் வகைக் கிருமியின் மரபணுவைக் கண்டிருக்கிறார்கள் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். 2006இல் அவர்களும் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒரு வயதுக் குழந்தையின் தோலில் அதுவரை யாரும் அறியாத ஒரு ரிக்கெட்சியாவையே கண்டறிந்து வெளியிட்டார்கள். இலங்கையில் கண்டியைச் சுற்றிய மலைநாட்டில் புள்ளிக் காய்ச்சலும், யாழ்ப்பாணப் பக்கம் ஸ்க்ரப் டைபஸும் இருப்பதை அங்குள்ள மருத்துவர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். ஸ்க்ரப் டைபஸ் வேறு நோய். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருந்தால் மருத்துவர்கள் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். நம் நாட்டுப் புள்ளிக் காய்ச்சலில் பல நேரம் அந்தப் பொருக்குகூட இருப்பதில்லை. கடித்ததும் வலிப்பதில்லை. உண்ணி கடித்ததா என்று கேட்டால் இல்லை என்றே பெரும்பாலோர் சொல்வார்கள்.

நம் ஊரில் இந்த நோய் மறைந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. காய்ச்சலோடு உடம்பில் சிவப்பாக எது எழும்பினாலும் அது அம்மைதான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கன்று போட்டு நஞ்சு விழாமல் தவித்த மாட்டைப் பார்க்க ஒருமுறை ஒரு கொல்லை வீட்டுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது திண்ணையில் வேப்பிலை பரப்பி ஒரு சிறுமி படுத்திருப்பதைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார் பாட்டி.

"அம்மா வந்திருக்கா டாக்டரம்மா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஊசி மாத்திரை எதுவும் கூடாது."

"சரிங்க ஆயா. பாப்பா கையை மட்டும் பாத்துக்கட்டுமா?"

அவர் தலையசைத்தார். கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். பாதத்தைத் திருப்பினேன், அங்கேயும் அப்படியே. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அடர்ந்திருந்தவை வயிற்றில் குறைவாக இருந்தன. சின்னம்மையில் வருவது போன்ற நீர்க்கொப்புளம் ஒன்றுகூட இல்லை. தட்டம்மையில் வரும் இருமலோ மூக்கொழுகலோ இல்லை. தட்டம்மை காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். இது கைகால்களில் தொடங்கி உள்ளே வந்திருந்தது. திண்ணைக்குக் கீழே அந்த வீட்டு நாய் காதை உதறிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டுக் காதைத் திருப்பினேன். இரண்டு காதிலும் உண்ணி வைக்க இடமில்லை.

"பாப்பா எங்கே படுப்பா?" என்று கேட்டேன். நாயோடுதான் என்றார் அவளுடைய அப்பா. ராத்திரியில் நாய் அவள் காலடியிலேயே கிடக்குமாம்.

நான் மனிதருக்கு மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. எழுதவும் கூடாது. ஆனால் பார்த்ததைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஐந்து நாளாகக் காய்ச்சல், உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளிகள், முகத்தில் வீக்கம், வீட்டு நாயின் மேல் ஏராளமான உண்ணி, குழந்தை நாயோடு படுக்கிறாள் என்று சொன்னேன். "உடனே கூட்டி வரச் சொல்லுங்க மேடம்" என்றார். பாட்டியிடம் திரும்பி, "வேப்பிலை அப்படியே இருக்கட்டும் ஆயா. கும்பிடுறதையும் விட வேண்டாம். இது உண்ணி கொடுத்த காய்ச்சலா இருக்கும்போல. மருந்து குடுத்தா அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே பேத்தியைத் தூக்கி மகன் தோளில் போட்டார்.

அன்று மாலையே டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. பின்னால் வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் புள்ளிக் காய்ச்சல் என்றே சொன்னது.

இந்த மருந்து விலை குறைந்த, எங்கும் கிடைக்கிற மாத்திரை. நாய்க்கு வரும் எர்லிச்சியா நோய்க்கு நாங்கள் அன்றாடம் எழுதுவதும் இதையேதான். காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசிகளும், பெரிய மருத்துவமனைகளில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் போன்றவையும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. ரிக்கெட்சியா வெளியே திரியாமல் நம் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகும் கிருமி. செல்கள் பழுதாகும்போது குழாய் கசிகிறது. தோலில் நாம் பார்க்கும் புள்ளிகள் அந்தக் கசிவுதான். முகமும் காலும் வீங்குவதும் அதனால்தான். இதே கசிவு மூளையிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நடந்தால் உயிருக்கே ஆபத்து. தட்டணுக்களும் குறையும் என்பதால் மழைக்காலத்தில் டெங்கு என்று நினைத்துவிடவும் வாய்ப்பு அதிகம்.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவும் முடியாது. சாதாரண ரத்தக் கல்ச்சரில் இந்தக் கிருமி வளராது. சிறிய ஊர்களில் கிடைக்கும் வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை 1916இலிருந்து இருப்பது. மலிவானது, ஆனால் துல்லியம் குறைவு. எலைசா, ஐ.எஃப்.ஏ. போன்ற சோதனைகள் நம்பகமானவை. ஆனால் அவை தேடுவது உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது ரத்தத்தில் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முதல் வாரத்தில் நெகட்டிவ் என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. ஆகவே சந்தேகம் வந்த அன்றே மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே உலகெங்கும் உள்ள மருத்துவ வழிகாட்டுதல். டாக்ஸிசைக்ளின் குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் என்ற பழைய தயக்கமும் இப்போது இல்லை. சில நாள் கொடுக்கும் அளவில் பல்லுக்குக் கேடில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

தாமதம் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர் ஒருவர், வருடா வருடம் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிக்கு என்னிடம் வருபவர், ஒரு கோடையில் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. காய்ச்சலும் புள்ளியுமாக ஒரு மருத்துவமனையில் படுத்திருந்திருக்கிறார். ஊசிகள் மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள். நாய், உண்ணி என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. குழாய்கள் அடைபட்டு விரல் நுனிகள் கருத்த பிறகுதான் வேறு இடத்தில் நோய் தெரிந்தது. உயிர் தப்பியது. ஆனால் ஆட்டின் வாயைப் பிரித்து மருந்து ஊற்றும் கை அது. இப்போது அந்த வேலையை அவர் மனைவி செய்கிறார்.

நாய் இந்த நோயில் பெரும்பாலும் படுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாய்க்கு உண்ணியால் வரும் காய்ச்சல், மூக்கில் ரத்தம், தீனி எடுக்காமை எல்லாம் பெரும்பாலும் எர்லிச்சியா, பேபிசியா போன்ற கிருமிகளின் வேலை. நம் ஊர்ப் புள்ளிக் காய்ச்சல் கிருமி நாயின் ரத்தத்தில் வந்து போனாலும் நாய் வாலை ஆட்டிக்கொண்டே திரியும். அதனால்தான் "நாய் நல்லாத்தானே இருக்கு" என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை.

அதற்காக நாயை விரட்டிவிடுவது தீர்வாகாது. நாயைக் கொண்டுபோய்த் தூரத்தில் விட்டுவிட்டு வரும் வீடுகளில் சுவரிடுக்கில் பசியோடு கிடக்கும் உண்ணிகளுக்கு மிச்சம் இருப்பது மனிதர்கள்தான். பழுப்பு நாயுண்ணி உணவில்லாமல் பல மாதம் உயிரோடு காத்திருக்கும். வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த உண்ணிகளை 25 டிகிரியிலும் 40 டிகிரியிலும் வைத்துப் பிறகு தங்கள் தோலிலேயே விட்டுப் பார்த்தபோது, சூட்டில் வைத்தவையே மனிதரைக் கடிக்கப் பாய்ந்தன. 40 டிகிரி வேலூருக்குச் சித்திரை மாதத்துச் சாதாரண வெயில்.

நாயைக் காப்பாற்றினால் மனிதரைக் காப்பாற்றலாம் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா நல்ல சாட்சி. அங்கே பழங்குடி மக்களின் ஊர்களில் 2003 முதல் புள்ளிக் காய்ச்சல் பரவி, குழந்தைகளும் இறந்தார்கள். பரப்பியது நம் வீட்டில் இருக்கும் இதே பழுப்பு நாயுண்ணி. 2012இல் ஓர் ஊரில் நாய்களுக்கெல்லாம் உண்ணித் தடுப்புக் கழுத்துப்பட்டை கட்டி, வீடுகளைச் சுற்றி மருந்தும் அடித்தார்கள். சில மாதத்தில் அந்த ஊரில் உண்ணி தென்பட்ட நாய் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதைச் செய்யாத ஊர்களில் பாதிக்கும் மேற்பட்ட நாய்களில் உண்ணி இருந்தது.

நம் வீடுகளில் செய்ய வேண்டியதும் இதுதான். நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் மருந்து பார்க்க வேண்டும். உண்ணிகளில் பெரும்பகுதி நாயின் மேல் இருப்பதில்லை. சுவரிலும் பாயிலும் இருக்கிறது. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் சில நாளில் மறுபடி ஏறிவிடும். சுவர் வெடிப்புகளைப் பூசி மூடுங்கள். முட்டைகள் பொரிந்து வரும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி மருந்து அடிக்க வேண்டும். கழுத்தில் விடும் சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை, மூன்று மாதம் வரை காக்கும் மாத்திரை எல்லாம் இப்போது கிடைக்கின்றன. நாயின் எடைக்கும் வயதுக்கும் எது பொருந்தும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எந்தக் காரணம் கொண்டும் நாயின் மேல் தடவாதீர்கள். நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளி வந்த நாய்களை என் மேசையில் இழந்திருக்கிறேன்.

உண்ணியைப் பிடுங்கி இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பாட்டிமார்கள் பேச்சோடு பேச்சாகச் செய்துகொண்டிருப்பார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நசுங்கிய உண்ணியின் உடல்நீர் விரலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண் வழியாகவும் நோயைக் கொடுக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் உண்ணியின் வாய்ப்பகுதியைத் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்து எடுங்கள். சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கையைக் கழுவுங்கள். மனிதர் மேல் ஏறியதையும் இப்படியே எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு குறையும். எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்கு வேண்டும்.

மனித மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலும் தடிப்புமாக ஒருவர் வந்தால் "வீட்டில் நாய் இருக்கா? உண்ணி இருக்கா? ஆடு மேய்ப்பீங்களா?" என்ற கேள்விகளையும் கேளுங்கள். உள்ளங்கையையும் பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். என் துறை நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். நாயின் காதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேளுங்கள்.

பெற்றோருக்குச் சொல்வது இது. பிள்ளைக்குக் காய்ச்சலோடு புள்ளி எழும்பினால் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரிடமும் போங்கள். போனதும், கேட்காவிட்டாலும், "எங்க வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கு டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.